அக்கா வாங்கிய சர்டிபிகேட்

என் ஒன்பது வயது மகளுக்குப் பார்வை இனித் திரும்பாது என்று போன மாதம் டாக்டர் சொன்னார். பிறகு மூளையின் படம் ஒன்றைக் காட்டி விளக்கினார். சிறுவயதில் கண் போனால் பார்வைக்கான பகுதி சும்மா கிடப்பதில்லையாம். கேட்கும் பகுதியோடும் தொடும் பகுதியோடும் புதிதாக உறவு வைத்துக்கொள்ளுமாம். என் மகளுக்கு அது எந்த அளவுக்கு நடக்கும் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ஒரு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்களும் போய்விட்டன. எண்பதுகளின் நடுவில், அவளுக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதும் ஆனபோது, பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்காக ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மில்லில் ஷிப்ட். அம்மாதான் எங்கள் இருவரையும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனார்.

அம்மாவின் கவலை விசித்திரமானது. அக்கா எதிலும் மோதமாட்டாள். நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு, சுவர் எங்கே, கதவு எங்கே என்று சொல்லிவிடுவாள்.

“ஏட்டி, உள்ள போனதும் செத்த தடுமாறி நட. மேசையில ரெண்டு இடி இடிச்சுக்க.”

“வலிக்கும்ல? நீ வேணா இடிச்சுக்கம்மா.”

பெயரைக் கூப்பிட்டதும் அக்கா நாக்கைச் சொடுக்கினாள். வழியில் கிடந்த பெஞ்சைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய், மேசைக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். கிளார்க் பேனாவை மூடிவிட்டார்.

“ஏம்மா, இதுக்கா கண்ணு தெரியாது? என்னைய விட நேரா நடந்து வருது. அடுத்த ஆளு வாங்க.”

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

“எங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும் சார்! ஒளிஞ்சு நின்னாலும் கண்டுபிடிச்சிரும்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

கிளார்க்குக்குப் பக்கத்தில் இருந்த முகாம் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து வெகுநேரம் அக்காவின் கண்களைப் பார்த்தார்.

“பாப்பா, எதிர்ல என்ன இருக்கு?”

அக்கா இன்னொரு சொடுக்குப் போட்டாள். “நீங்க இருக்கீக. பின்னாடி சுவரு. இந்தப் பக்கம் சன்னல் தொறந்து கெடக்கு.”

“எப்படித் தெரியும்?”

“சத்தம் போனது திரும்பி வரலையே.”

டாக்டர் கிளார்க்கைப் பார்த்தார். “வெளிச்சம் துளிகூடத் தெரியல. எழுதுங்க.”

கையெழுத்து விழுந்தது. அக்காவுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது, டார்ச் அடிக்கும்போது மட்டும் தெரியாதவள்போல உட்கார்ந்து டாக்டரையே ஏமாற்றிவிட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். என்ன கெட்டிக்காரி! ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் விடுதிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அம்மா அழுதார். அக்காவும் அழுதாள். நான் அழவில்லை. மலையையும் வயலையும் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று, முண்டியடித்து ஏறி அவளுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்தேன்.