காணாமல் போன வெள்ளிக்கிழமை வரிசை

செய்தி சுடலைமுத்துவிடமிருந்து வந்தது. துறைமுகச் சாலையில் லாரி எடைமேடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். "சார், டீச்சர் போயிட்டாவ. நாசரேத்துல வீட்ல வச்சுதான். தூக்கத்துலயே போயிட்டதா சொல்லுதாவ" என்றார். பிறகு, "இனி நான் யாரப் போயி ஏச?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

துறைமுகச் சாலைக்கே டீச்சராகிவிட்ட பேராசிரியர் எஸ்தர் ஞானமணியை அறிந்தவர்களுக்கு அந்த ஏச்சின் கதை தெரிந்திருக்கும். தெரிந்தாலும் இன்னொரு முறை கேட்கலாம்.

எங்கள் ஊர் வணிகப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்துக்கு அவர் தலைவராக இருந்தார். துறைமுகச் செய்திகளை எழுதிவந்த நான் விளக்கம் கேட்டு அடிக்கடி அவரிடம் போவேன். "எனக்குத் தெரியல தம்பி. தெரிஞ்ச மாதிரி எழுதிராதீய" என்று பாதி நாள் திருப்பி அனுப்பிவிடுவார். மையத்தில் அவர் வைத்த விதி ஒன்று உண்டு. ஆய்வுக் கட்டுரை எந்த இதழில் வெளிவந்தாலும், அதன் சாரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, அது யாரைப் பற்றியதோ அவர்கள் கூடுமிடத்தில் ஒட்ட வேண்டும். "செவத்துல ஒட்டுனா புரமோஷனுக்குச் சேருமா மேடம்?" என்று இளைய பேராசிரியர் ஒருவர் கேட்டபோது, "சேராது. ஆனா பசை வாளிய நான் தூக்கிட்டு வாரேன்" என்றார்.

அப்படி ஒட்டியவற்றில் ஒன்றுதான் வெள்ளிக்கிழமை வரிசை. வாரத்தில் மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடும் கண்டெய்னர் லாரிகள், வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் துறைமுக வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். துறைமுகம்தான் காரணம் என்று ஊரே சொன்னது. நானும் அப்படியே எழுதினேன். டீச்சர் குடோன் குடோனாக ஏறி இறங்கி விசாரித்தார். வெள்ளிக்கிழமை முற்பகலில் ராகு காலம். லாரிக்காரர்கள் வண்டி எடுக்கமாட்டார்கள். அது முடிந்து வருவதற்குள் காயல்பட்டினத்து வியாபாரிகளின் குடோன்கள் ஜும்ஆத் தொழுகைக்கு மூடியிருக்கும். பிறகு சாப்பாடு. எல்லா லாரியும் ஒரே நேரத்தில் புறப்படும். யாரும் தவறு செய்யவில்லை. எல்லாருடைய நல்ல நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

லாரி உரிமையாளர் ஒருவரிடம் அவர் பேசியபோது உடனிருந்தேன். "அண்ணாச்சி, ஊருக்குப் போறவங்க ராகு காலத்துக்கு முன்னாடியே பெட்டியத் தூக்கி அடுத்த வீட்ல வச்சிருவாங்கள்லா? அதே மாதிரி வண்டிய முன்னாடியே எடுத்து உங்க செட்டு கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிட்டா, பொறப்பட்டதாத்தான கணக்கு? தொழுகைக்கு முன்னாடியே குடோன்ல சரக்கு ஏத்திரலாம்லா?"

அவர் சிரித்த சிரிப்பில் கிளீனர்கள் ஓடிவந்தார்கள். "ஏலே, சர்ச்சுக்குப் போற வேதக்கார டீச்சர் நமக்கு ராகு காலம் சொல்லித் தாராவ! இதுக்குத்தான் பல்கலைக்கழகம் கட்டிப் போட்டிருக்காவளா?"

சிரித்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வண்டிதான் முதலில் வெளியே நின்றது. அந்த யோசனையை எழுதிய பக்கம் சுடலைமுத்துவின் கடைச் சுவரில் ஏறியது.

பின்னர் மையத்துக்கே சோதனை வந்தது. அதைத் தொடர்வதா, மூடுவதா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்தது. கட்டுரைகள் குறைவு, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் அதைவிடக் குறைவு. குழுத் தலைவர் கண்டிப்பானவர். "உங்க முக்கியமான கட்டுரை வெள்ளிக்கிழமை வரிசையப் பத்தினது. நேத்து வெள்ளிக்கிழமைதான், மத்தியானத்துக்கு மேல நானே போய்ப் பார்த்தேன். ரோடு காலியா இருக்கு. இல்லாததையா ஆராய்ச்சி பண்ணீங்க?"

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "காலியாவா? நல்லாப் பாத்தீங்களா சார்? அப்ப என் கட்டுரை பொய்யாயிட்டு!" பல்கலைக்கழகப் பதிவாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அது உங்களாலதான் மாறுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"நான் சொல்லல சார். எனக்கே தெரியாது. போய்க் கேப்போம்."

கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. டீக்கடை முன்னால் டீச்சர் காரைவிட்டு இறங்கியதுமே, உடன் வந்தவர்கள் யாரென்று தெரியாத சுடலைமுத்து ஆரம்பித்துவிட்டார். "வாங்க டீச்சர், நல்லா இருப்பீய! வெள்ளிக்கிழமன்னா எங்கடையில நிக்க இடம் இருக்காது. நீங்க தாள ஒட்டுனீய, எல்லாப் பயலும் வண்டிய முன்னாடியே வெளிய எடுத்து வச்சிட்டு நேரத்தோட போயிருதான். எவனும் டீ குடிக்க நிக்கமாட்டேங்கான். போட்ட வடை அப்பிடியே ஊசிப்போவுது!"

"அப்ப அந்தத் தாளைக் கிழிச்சிருக்கலாமே?" என்றார் குழுத் தலைவர்.

"டிரைவர் பயலுவ விட்டாத்தான! புதுசா எவன் வந்தாலும் இங்கன கூட்டியாந்து இதத்தான் காட்டுதானுவ."

குழுத் தலைவர் சுவரிலிருந்த தாளை முழுக்க வாசித்தார். பிறகு எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். மையம் பிழைத்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் மையத்துக்கு டீயும் வடையும் சுடலைமுத்துவின் கடையிலிருந்துதான். "யாவாரத்தக் கெடுத்தது நான்தான?" என்பார் டீச்சர். தூக்குவாளியோடு வரும் சுடலைமுத்து அவரை ஒரு பாட்டம் ஏசாமல் திரும்பியதில்லை. டீச்சர் ஓய்வு பெறும்வரை இது நடந்தது.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பழக்கம். ஒரு குறையை எழுதினால், கொஞ்ச காலம் கழித்து அதே இடத்துக்குப் போய், நான் எழுதியது பொய்யாகிவிட்டதா என்று பார்ப்பேன். பொய்யாகியிருந்தால் அன்று நல்ல நாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை துறைமுகச் சாலைக்குப் போனேன். பிற்பகல் வெயிலில் சாலை காலியாகக் கிடந்தது. சுடலைமுத்து டீயை நீட்டிவிட்டுச் சுவரைக் காட்டினார். தாள் பழுத்து, ஓரங்கள் உதிர்ந்திருந்தன.

"அங்கன பல்கலைக்கழகத்துல யாரையாவது புதுசா ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க சார்" என்றார். "பசை எங்கிட்ட இருக்கு."