ஒரு பக்கத்துப் பீனிசம்

என் மனைவிக்கு மூக்கடைப்புத் தொடங்கியது ஒரு காலபோக அறுவடை முடிந்த கையோடு. சூடடித்து நெல்லைத் தூற்றும்போது பறந்த தூசிதான் காரணம் என்று நினைத்தோம். எங்கள் ஊரான அக்கராயனில் அந்த மாதங்களில் வீட்டுக்கு ஒருவராவது தும்மிக்கொண்டுதான் இருப்பார்கள். காலைப் பனியும் வயல் புழுதியும் சேர்ந்தால் தடிமன் வரத்தானே செய்யும். ஒரு கிழமையில் மாறிவிடும் என்று விட்டோம். அது மூன்று வருடம் இருந்தது.

ஊர் அதைப் பீனிசம் என்றது. நொச்சி இலையை அவித்து வேது பிடித்தாள். போர்வைக்குள் இருந்து அவள் வெளியே வரும்போது முகம் சிவந்து வியர்வை ஓடும். இரண்டு மணித்தியாலம் இலேசாக இருக்கும், பிறகு பழையபடிதான். மஞ்சளைச் சுட்டுப் புகையை உறிஞ்சினாள். தலைக்கு முழுகுவதைக் குறைத்தாள். மோரையும் வாழைப்பழத்தையும் விட்டாள். யார் எதைச் சொன்னாலும் செய்தாள். தலையை முன்னுக்குச் சாய்த்தால் கன்னத்துக்குள் கல்லொன்று உருள்வதுபோல நோகிறது என்பாள். நாற்று நடுவது அவளுக்கு நன்றாக வரும் வேலை. அதையே விடவேண்டி வந்தது.

மாதத்தில் ஒருநாள் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போவேன். நான்தான் கதைப்பேன். "மூக்கடைப்பு டொக்டர். தலையிடி. குனிஞ்சா கன்னம் நோகுதாம்." அவள் பக்கத்தில் இருந்து தலையாட்டுவாள். அங்கிருந்த டொக்டர் நல்ல மனிதர். சண்டையால் வன்னிக்குள் மருந்து வருவதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். கையிலிருந்த தடிமன் குளிசையில் பத்தை எண்ணித் தருவார். ஒருமுறை, வவுனியாவுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தால் நல்லது என்று கடிதமும் எழுதித் தந்தார். வன்னியை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் வேண்டும், இருவருக்கும் விண்ணப்பித்தோம். அவளுக்கு மட்டும் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. "தனியப் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கடிதம் அலுமாரிக்குள் கிடந்து மஞ்சளானது.

டொக்டரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. அவளிடமிருந்து ஒரு நாற்றம் வந்தது.

முதல் வருடம் அது இருக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. அவள் என்னை நேரே பார்த்துக் கதைக்கும்போது வரும். புண்ணிலிருந்து வருவது போன்ற நாற்றம். துப்புரவில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை. சவர்க்காரம் கிடைக்காத நாட்களில்கூடச் சாம்பல் போட்டுத் தோய்த்து உடுத்தவள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? மூக்கடைத்த ஆளுக்கு மணம் தெரியாது, அதனால் அவளுக்கு இது தெரியாது என்று நம்பினேன். சொன்னால் உடைந்துபோவாள் என்று பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேனே தவிர, என் உடம்பு பேசாமல் இருக்கவில்லை. குசினியில் பிள்ளைகளோடு அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டவன், சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வயல் வரம்புக்குப் போனேன். பன்றி வருகிறது, காவல் பார்க்கவேண்டும் என்று காரணம் சொன்னேன். அவள் கதைக்க வந்தால் மண்வெட்டியைத் தேடுவதுபோல மறுபக்கம் திரும்பினேன். அவளும் மெல்ல மெல்லக் கதையைக் குறைத்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே பதில் சொல்லப் பழகினாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். தலையிடி என்றாள். நானும் அதை நம்ப விரும்பினேன்.

கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்த பிறகு எங்கள் பக்கம் எல்லாம் சனம். ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு ஆஸ்பத்திரி ஒன்று வந்து சேர்ந்தது. வகுப்பறைகளைத் தென்னங்கிடுகுத் தட்டியால் பிரித்து நோயாளரைப் பார்த்தார்கள். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண் டொக்டர் இருக்கிறா, ஆற அமரக் கேட்பா என்று கேள்விப்பட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெலிந்த, இளவயது டொக்டர். நான் வழக்கம்போலத் தொடங்கினேன். "மூக்கடைப்பு டொக்டர். தலையிடி. குனிஞ்சா..."

அவர் கையை உயர்த்தினார். "அண்ணை, வருத்தம் உங்களுக்கோ, அக்காவுக்கோ?"

"இவவுக்குத்தான்."

"அப்ப அவா சொல்லட்டும். நீங்கள் ஒருக்கா வெளியில நில்லுங்கோ."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. வெளியே வந்து தட்டியோடு நின்றேன். கிடுகுக்கு எதை மறைக்கத் தெரியும்? ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எந்தப் பக்கம் அடைக்கிறது?"

"இடப் பக்கம்."

"வலப் பக்கம்?"

"அது ஒருநாளும் இல்லை டொக்டர். இந்தப் பக்கம் மட்டுந்தான்."

மூன்று வருடத்தில் அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

"வேற என்ன செய்யுது?"

அவள் கதிரையை இழுத்துக் கிட்டப் போகும் சத்தம் கேட்டது. பிறகு என் மனைவியின் குரல் வந்தது. மிகவும் தணிந்த குரல்.

"மணக்குது டொக்டர். செத்த எலி மாதிரி. வெளியில இருந்து வாற மணமில்லை, எனக்குள்ள இருந்துதான். சோறு தின்னேக்கையும் அதுதான். இவருக்குச் சொல்லயில்லை."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல."

தட்டியின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டரின் குரல் மாறவே இல்லை. இரண்டு பக்கமும் அடைத்தால் ஒவ்வாமையோ தடிமனோ என்று நினைக்கலாம், ஒரு பக்கம் மட்டும் அடைத்து அதில் நாற்றமும் வந்தால் பல்லைப் பார்க்கவேண்டும் என்றார். மேல் பல்லில் எப்போதாவது நோ இருந்ததா என்று கேட்டார். இருந்தது. மூக்கடைப்புத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முதல் இடப் பக்கத்துக் கடைவாயில் மேல் கொடுப்புப் பல் ஒன்று பாதி உடைந்து, கன்னம் வீங்கி, கராம்பு வைத்து அடங்கிப்போனது. நோ போனதும் பல் சுகமாகிவிட்டது என்று நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

என்னை உள்ளே கூப்பிட்டார். டோர்ச் இருந்தது, பற்றரி இல்லை. மனைவியை யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தி, சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பிடித்து வாய்க்குள் விட்டார். கண்ணாடியைப் பிடிக்கும் வேலை எனக்கு. பிறகு ஒரு கருவியின் கைபிடியால் மேல் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். உடைந்த பல்லில் தட்டியதும் அவள் கதிரையோடு துள்ளினாள். அவள் கண்ணில் நீர் வந்தது.

"இந்தப் பல்லின்ர வேருக்கு மேலதான் கன்னத்துக்குள்ள ஒரு காற்றறை இருக்குது. ரெண்டுக்கும் நடுவில முட்டைக்கோது அளவு எலும்புதான். பல்லு செத்து, சீழ் மேல ஏறி அந்த அறைக்குள்ள நிண்டிட்டுது. வேது பிடிச்சு இது மாறாது அக்கா. பல்லைக் கழட்டவேணும்."

"அப்ப இது நான் துப்புரவில்லாததால வந்த வருத்தமில்லையோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லை அக்கா. ஆருக்கும் வரலாம்."

அவள் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து அழுதாள். அன்று அவள் அழுதது நோவாலில்லை.

ஒரு கிழமைக்குக் குளிசை தந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை அதே கட்டிடத்தில் பல் டொக்டர் வந்திருந்தார், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். விறைப்பு ஊசி மருந்து குறைவாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நோகும், பொறுக்கவேண்டும் என்று முதலிலேயே சொன்னார். நான் அவள் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பல் இரண்டாக உடைந்து வந்தது. கடைசி வேர் வெளியே வந்தபோது அதன் பின்னால் சீழும் வந்தது. நாற்றத்தில் பக்கத்துத் தட்டிக்குள் இருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். நான் அவள் தலையை விடவில்லை. அதுவரை நான் அவளுக்குச் செய்யாததை அன்று செய்தேன் என்று சொல்லலாம். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

பல் இருந்த குழியில் காற்றறைக்குப் போகும் ஒரு துவாரம் இருந்தது. கொதித்தாறிய உப்புத் தண்ணீரை ஊசி கழற்றிய சிறிஞ்சியால் நாளுக்கு இரண்டு தரம் அதற்குள் அடித்துக் கழுவவேண்டும். மூக்கைச் சீறக்கூடாது. எதையும் உறிஞ்சிக் குடிக்கக்கூடாது.

அடுத்த நாள் காலை தண்ணீரை ஆறவைத்து, கிணற்றடியில் அவளை ஒரு குற்றியில் இருத்தினேன். அவள் சிறிஞ்சியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"நானே செய்யிறன். நீங்கள் போங்கோ."

"உனக்குக் குழி தெரியாது. நான் செய்யிறன்."

"வேண்டாம். உங்களுக்கு மணக்கும்."

"எனக்கு ரெண்டு வருசமா மணக்குது" என்றேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள். "பன்றிக் காவலெண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனீங்களே, அண்டைக்கே தெரியும்."

"ஏன் சொல்லயில்லை?"

"நீங்கள் ஏன் சொல்லயில்லை?"

ஒருவரையொருவர் நோகவைக்கக் கூடாது என்று நாங்கள் மறைத்த அந்த ஒன்றைத்தான் டொக்டர் தேடினார். அதைச் சொல்லியிருந்தால் இரண்டு வருடத்தை மீதப்படுத்தியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். தண்ணீரை அடித்தேன். அது இடது மூக்கால் கலங்கலாக ஓடி மண்ணில் விழுந்தது.

நாற்பது நாளுக்கு மேல் கழுவினோம். முதல் இரண்டு கிழமை தேத்தண்ணீர் குடித்தால் மூக்கால் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கலங்கல் குறைந்து தண்ணீர் தெளிவாக வந்தது. பிறகு ஒருநாள் வரவே இல்லை. பல் டொக்டர் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னார். குழிக்குள் ஒரு குமிழிகூட வரவில்லை. "மூடிட்டுது" என்றார். நாற்றம் அதற்கு முன்பே போயிருந்தது. எந்த நாளில் போனது என்று எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கன்னத்தில் ஒரு சிறு விறைப்பு மட்டும் அவளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அடுத்த சிறுபோகத்தில் வரம்பில் நின்று பார்த்தேன். அவள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருதரம் நிமிர்ந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.

நெல் வெட்டு முடிந்ததும் பச்சை அரிசியும் ஒரு பூசணிக்காயும் கட்டிக்கொண்டு, இரண்டு டொக்டர்மாரையும் பார்த்துவர இருவரும் சைக்கிளில் போனோம். ஷெல்லடி கிட்ட வந்திருந்ததால் ஆஸ்பத்திரி மறுபடி இடம்பெயர்ந்துவிட்டது. எங்கே போனது என்று ஒருவர் ஒரு திசையைக் காட்டினார், இன்னொருவர் இன்னொரு திசையை. அந்தப் பெண் டொக்டரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. வகுப்பறைகளில் இப்போது சனங்கள் தங்கியிருந்தார்கள். ஒரு தாய் மூன்று கல்லை வைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி அரிசிப் பையை அவிழ்த்தாள்.

"டொக்டர்மாருக்கெண்டு கொண்டுவந்தது" என்றேன்.

"ஓம்" என்றாள். "அவை இருந்தாலும் இவைக்குத்தான் குடுத்திருப்பினம்."

பூசணிக்காயையும் சேர்த்து அந்தத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவளோடு பக்கத்தில் குந்தியிருந்து கதைக்கத் தொடங்கினாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் நின்றேன். அவள் வாயை மூடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கதைத்தாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.