கண்டலுக்கு வாக்குக் கேட்ட போறணைக்காரர்

கிண்ணியாவில் முனாப் தன் போறணை அடுப்பில் சுடுகிற கோதுமைப் பாணைத் தின்னாதவர் இல்லை. அவர் கிராமச் சபைத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று கேட்டுச் சிரிக்காதவரும் இல்லை. தேர்தலில் நிற்கிறவர் ரோட்டுப் போடுவேன், கிணறு வெட்டுவேன் என்று வாக்குக் கேட்பதுதான் ஊர் வழக்கம். முனாப் கேட்டதோ கடலோரக் களப்புக் கரையில் சேற்றுக்குள் நிற்கிற கண்டல் மரங்களுக்காக.

எல்லாம் அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி செய்த வேலை. பட்டணத்திலிருந்து கோதுமை மாவோடு தோணியில் திரும்பியவரை நடுக் களப்பில் காற்றுப் பிடித்துக்கொண்டது. தோணி கவிழ்ந்தது. மாச்சாக்குகள் ஒரு பக்கம், முனாப் ஒரு பக்கம். கலிமாவை ஓதிக்கொண்டு அலையோடு போனவர் கண்டல் வேர்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டார். காற்று ஓயும்வரை அந்த வேர்களைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார். தட்டுத்தடுமாறி ஊருக்குள் வந்து பார்த்தால், கண்டல் அடர்ந்து நின்ற பக்கத்து வீடுகளுக்குக் கூரை இருந்தது. வெட்டி மொட்டையாக்கிய பக்கத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை.

"அல்லாஹ் என்னை ஏன் அந்த மரத்தடியில கொண்டு போய்ப் போட்டவன், றஹ்மா?" என்று மனைவியிடம் கேட்டபடியே இருந்தார்.

"பாண் சுடத்தான். போய் மாவப் பிசைங்க" என்றாள் அவள்.

ஆனால் தேர்தல் வந்ததும் மனுசன் போய் மனுக் கொடுத்துவிட்டார். சின்னம் குடை. எதிரே நின்றவர் றஹ்மாவோடு கூடப்பிறந்த மூத்த காக்கா ஸெய்னுதீன். ஏற்கனவே அந்த வட்டாரத்து உறுப்பினர், விறகு வியாபாரி. கண்டலை வெட்டித் தோணி தோணியாய்ப் பட்டணத்துக்கு அனுப்புகிறவர். றஹ்மாவுக்குத்தான் மத்தளத்தின் பாடு. இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வாக்கு யாருக்கு என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

சந்தையடியில் முதல் கூட்டம். கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்று முனாப் முழங்கினார். கண்டல் போனால் கரை போகும், றால் போகும், நண்டு போகும், பிறகு நாமும் போக வேண்டியதுதான் என்றார். மீன்பிடிக்காரர்கள் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள்ளிருந்து ஸெய்னுதீன் கையை உயர்த்தினார்.

"நல்லாக் கதைக்கிறீங்க மச்சான். உங்கட போறணையில எரியிறது என்ன விறகு?"

சந்தையே திரும்பி முனாபைப் பார்த்தது. பொய் சொல்ல வழியில்லை.

"கண்டல் விறகுதான். நீங்கதானே மச்சான் தாறீங்க!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. முனாபும் சேர்ந்து சிரித்தார். ஆனால் முகம் சிவந்திருந்தது. "சரி, கேளுங்க" என்றார். "இண்டைக்குப் பிறகு என்ர போறணைக்குள்ள ஒரு கண்டல் குச்சி போகாது. போனா எனக்கு வாக்குப் போடாதீங்க."

சொல்வது லேசு. மறுநாள் தேங்காய்ச் சிரட்டையை அள்ளிப் போட்டார். குப்பென்று பற்றி, குப்பென்று அணைந்தது. பாணின் அடி கரி, உள்ளே பச்சை மா. அடுத்த நாள் வெறும் தேங்காய் மட்டை. புகை மூட்டத்தில் பாண் எது, போறணை எது என்று தெரியவில்லை. வீசிய பாணைத் தின்று ஊர் ஆடுகள் கொழுத்தன. "குடைப் பாண் தின்ன இல்ல, மழைக்குப் பிடிக்கத்தான் உதவும்" என்று ஒரு கதையும் கிளம்பியது. முனாப் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

றஹ்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போறணையடிக்கு வந்தாள். "குசினியில நான் எப்பிடி நெருப்பு மூட்டுறன் எண்டு ஒரு நாளாவது பாத்தீங்களா? சிரட்டை சூடேத்த. மட்டை அந்தச் சூட்டைப் பிடிச்சு வைக்க. ரெண்டையும் பிரிச்சா ஏலாது." அவள் சொன்னபடி அடுக்கினார்கள். அன்று பின்னேரம் வெளியே வந்த பாண் தங்க நிறத்தில் உப்பியிருந்தது. முனாப் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, சூட்டில் துள்ளித் துள்ளியே தின்றார்.

இப்போது சிரட்டைக்கு எங்கே போவது? அதற்கும் றஹ்மாதான் ஆள் அனுப்பினாள். வீட்டுக்கு வீடு பெண்கள் கடகத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். சூடாய் ஒரு பணிஸ் பாண் வாங்கிக்கொண்டு போனார்கள். கொட்ட வந்தவர்கள் நின்று கதைத்தார்கள். சூறாவளியில் கூரை பறந்ததைச் சொன்னார்கள். கறிக்கு நாலு றால் கிடைப்பதே பெரும்பாடாய்ப் போனதைச் சொன்னார்கள். முனாப் அதற்குப் பிறகு கதிரை மேல் ஏறவேயில்லை. போறணை வாசலே கூட்டம்தான். ஒரு நாள் பெரிய கடகத்தோடு வந்து இறங்கியவள் ஸெய்னுதீனின் மனைவி நஜ்முன் நிஸா. "அவர்ட்டச் சொல்லிப் போடாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வாக்கு எண்ணி முடிந்தபோது குடை வென்றது. வெடி கொளுத்தினார்கள், முனாபைத் தோளில் தூக்கிக் களப்புக்குள் இறக்கி நனைத்தும் விட்டார்கள். சொட்டச் சொட்ட வீடு வந்தவருக்காக வாசலில் காத்திருந்தவர் ஸெய்னுதீன்.

"ஊர் என்னைத் தோக்கடிச்சாப் பரவாயில்ல மச்சான். என்ர வீட்டுக்குள்ளயே ஒரு வாக்குக் குறைஞ்சு போச்சு!"

முனாபுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. ஸெய்னுதீனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "இனி என்ர யாவாரம்?"

"மட்டை யாவாரம் செய்யுங்க. முதல் ஆள் நான் வாங்கிறன்."

அப்படியே நடந்தது. கரைக் கண்டலை வெட்டக் கூடாது என்று சபை தீர்மானம் போட்டது. மீன்பிடிக்காரர்கள் மிதந்து வந்த கண்டல் காய்களைப் பொறுக்கி மொட்டைக் கரையில் ஊன்றினார்கள். முனாப் அடுத்த முறையும் வென்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், நரைத்த தாடியோடு சபைக்குப் போகிறவரை வழியில் மறித்துத் தோணிக்காரர்கள் குறைசொல்வது வழக்கமாயிற்று.

"உறுப்பினர், உங்கட மரம் அடர்ந்து துறையே தெரியுதில்ல. எங்க கரையேறுறது?"

"சுத்திப் போங்க தம்பி, சுத்திப் போங்க" என்பார் முனாப். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பாய் இருக்கும்.