டைகர் என்று கூப்பிட்டால் திரும்பாத நாய்

1999-ல் கொல்லிமலையில், திருப்புலி நாடு என்ற மலைக்கிராமப் பகுதியில் ஒரு பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராக மாற்றலாகிப் போனேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தனிக்கட்டை. ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் வீட்டில் பாதியை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அந்த ஊரில் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதை விட்டால் தினமும் அடிவாரத்திலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வர வேண்டும். எனக்கோ மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும்.

துணைக்கு இருக்கட்டுமே என்று அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஒரு நாய்க்குட்டியை வாங்கி, பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். அதுவும் வழியெல்லாம் வாந்தி எடுத்தது. நமக்கேற்ற ஜோடி என்று மகிழ்ந்துபோய் டைகர் என்று பெயர் வைத்தேன்.

மகிழ்ச்சி அன்றோடு சரி. மணிக்கொரு தரம் அதைப் பலாமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அது உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். கால் கடுக்க நின்றுவிட்டு நான் உள்ளே வந்தால், பின்னாலேயே வந்து கட்டிலடியில் காரியத்தை முடிக்கும். ஒருமுறை அரையாண்டு விடைத்தாள் கட்டின் மேலேயே போய்விட்டது. மை கரைந்த விடைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன், வேறென்ன செய்ய? "டைகர்!" என்று நான் ஸ்கேலைத் தூக்கினால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடும். ஒரு பள்ளிக்கூடமே நடுங்கும் வாத்தியார் நான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், வாத்தியார் நாயும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நொந்துகொண்டேன்.

மாசியில் வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டார்கள். முதல் நாளே டைகர் அதன் நடுவில் நின்று, மூக்கைத் தாழ்த்தி இரண்டு சுற்றுச் சுற்றி, நனைத்துவிட்டது. வீட்டுக்கார அக்கா கத்தவில்லை. நனைந்ததை முறத்தில் அள்ளி வந்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்க சார், வருசம் பூராப் பாடுபட்டதுங்க. இன்னொருக்கா மொளகுல போச்சுன்னா, நாயோட நீங்களும் வேற ஊடு பாத்துக்கோங்க."

அன்று முதல் அதைக் கயிற்றில் கட்டிவைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிளகு வியாபாரி வருவதாக இருந்தது. அன்று காலை காய்ந்த மிளகு மொத்தமும் வாசலில் கிடந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். கயிற்றைக் கடித்துப் போட்டுவிட்டு டைகர் மிளகின் நடுவில் நிற்கிறது! மூக்கு தரையில். ஒரு சுற்று முடிந்துவிட்டது.

"டைகர்! டைகர்!" என்று அலறினேன். காதே கேட்காததுபோல இரண்டாவது சுற்றை ஆரம்பித்தது. வீடு போச்சு, இனி ஆயுளுக்கும் கொண்டை ஊசி வளைவுதான் என்று துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து அக்கா தன் மகளைக் கூப்பிட்டார், "சாமி, இங்க வா சாமி." அவ்வளவுதான். குட்டி பாதிச் சுற்றில் நிறுத்திவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடியது!

சோப்புக் கையோடு அப்படியே நின்றேன். அந்த வீட்டில் செல்லமாகக் கூப்பிட்டால் மகளும் சாமிதான், மகனும் சாமிதான், கன்றுக்குட்டியும் சாமிதான். குட்டிக்கு அவர்கள் சோறு போடும்போதும் சாமி, தூக்கிக் கொஞ்சும்போதும் சாமி. டைகர் என்ற சொல்லோ ஸ்கேலோடு மட்டுமே வந்தது. ஏதோ திட்டும் வார்த்தை என்றே அது நினைத்திருக்கும்!

வெட்கத்தை விட்டு, குரலைக் குழைத்து, "சாமி, வா சாமி" என்றேன். வந்தது. பலாமரத்தடிக்கு நடந்தேன், பின்னாலேயே வந்து சமர்த்தாக உட்கார்ந்து முடித்தது. என்னைக் கூப்பிட்டீர்களா சார் என்று அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து நின்றதுதான் கொஞ்சம் சங்கடம்.

கதையைக் கேட்ட அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வியாபாரி போனதும் ஒரு கை மிளகு கொண்டுவந்து கொடுத்தார்.

"இது நல்ல மொளகுதானுங்க சார், பயப்படாம ரசம் வெய்ங்க."

மறுநாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அதில் இருந்த பெயர்களில் எத்தனையைத் திட்டாமல் கூப்பிட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். இன்றும் யாராவது என் பேச்சைக் கேட்கவில்லை என்றால், கோபம் வருவதற்கு முன்னால், அவர்களை நான் டைகர் என்று கூப்பிட்டேனா, சாமி என்று கூப்பிட்டேனா என்றுதான் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.