கமா அக்காவும் கூழாங்கல் தவளையும்

"திணை, விலங்கு. தொகுதி, முதுகுநாணி. வகுப்பு..." என்று வாய்க்குள் முனகியபடியே தட்டுகிறார் கமா அக்கா. ஒரு வரி முடிந்ததும் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே படுத்திருக்கும் தங்கை "சரி" என்றால்தான் அடுத்த வரி.

நீதிமன்ற நகல் பிரிவில் முப்பது வருடத் தட்டச்சர். ஒரு காற்புள்ளிக்காக நீதிபதியின் அறைவரை போய்ச் சந்தேகம் கேட்டவர் என்பதால் அலுவலகம் வைத்த பெயர்தான் 'கமா'. உயிரியலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். ஆனாலும் இணையக் கலைக்களஞ்சியத்தில், உயிரினக் கட்டுரைகளின் ஓரத்தில் தெரியும் வகைப்பாட்டுப் பெட்டிகளில் நானூறுக்கு மேல் இவர் நிரப்பியவை. அதற்கென ஒரு வார்ப்புரு இருக்கிறது. படிவம்போல வரிவரியாக நிரப்பினால் பெட்டி தானே உருவாகிவிடும். கடைசி அடைப்புக்குறியை மூட மறந்தால் பக்கமே சிதறிப்போகும். "திறந்தா மூடணும். குழாயா இருந்தா என்ன, பிராக்கெட்டா இருந்தா என்ன?" என்பார்.

தங்கை தவளை ஆராய்ச்சியாளர். கட்டைவிரல் நகமளவு தவளை ஒன்றை, ஈரக் கூழாங்கல்லின் நிறத்தில் இருப்பதை, ஒரு மலை ஓடையில் கண்டுபிடித்தவர். மறுவருடம் அதன் குரலைப் பதிவு செய்யப் போனபோது அதே ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. கைகளில் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. மூன்று மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தவரைப் பேசவைக்க அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி தட்டச்சுதான். "நீ சொல்லுடி, நான் அடிக்கிறேன்." முதலில் போட்டது கூழாங்கல் தவளையின் பெட்டி. ஆறு வருடமாகிறது.

போன வாரம் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: மூன்று மழைக்காலம் தேடிய குழுவின் அறிக்கை வந்துவிட்டது, பெட்டியில் தவளையின் நிலையை மாற்ற வேண்டும், நீங்களே செய்கிறீர்களா? அக்கா இரண்டு நாள் நெட் இல்லை என்று சாதித்தார்.

"நெட் இல்லன்னா உன் போன் மட்டும் எப்படிக்கா கூவுது?" என்று கேட்டார் தங்கை.

பின்வீட்டுக்காரனான நான் மருந்து வாங்கிக்கொண்டு போனபோது அக்கா அறிக்கையைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். ஓடையின் மேற்புறம் கல்குவாரி வந்துவிட்டதாம். தங்கை விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒரு குரல்கூடக் கேக்கலையாமா?"

"இல்லடி."

"அப்ப மாத்து."

நிலை என்ற வரியில் 'அருகிய இனம்' என்பதை அழித்து 'அற்றுவிட்ட இனம்' என்று அடித்தார் அக்கா. அதோடு கை நின்றுவிட்டது.

"என்னால முடியாது. இதுக்காகத்தானே நீ இப்படிக் கெடக்குறே? இருக்குன்னே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"இருக்குன்னு போட்டிருந்தா எவனாவது தேடிப் போவான்க்கா. அந்தப் பாறை வழுக்கும்."

அக்கா மடிக்கணினியைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்தார். தங்கையின் குளிர்ந்த ஆட்காட்டி விரலைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திச் சற்று நேரம் சூடாக்கினார். பிறகு அதை எடுத்து, சேமிக்கும் பொத்தானின்மேல் வைத்தார்.