பிரியாவிடைக் கேக்கும் இடமாற்ற வழக்கும்

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, இன்சுலின் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் குளிரைப் போக்கினேன். முந்தின நாள் வயிற்றின் வலப்பக்கம்; ஆகவே அன்று இடப்பக்கம். என் கணவர் சட்டையை உயர்த்திப் பிடித்தபடி, கடலோரமாகக் கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரயிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குப் பெட்டி கூட," என்றார்.

எங்கள் வாடகை அனெக்ஸ் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், தண்டவாளத்துக்கு அருகில் இருந்தது. நீரிழிவு அவருடைய இரண்டு கண்களையும் எடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. ஆனாலும் காலையில் பாண் வாங்குவது அவருடைய வேலை. தடியைத் தட்டிக்கொண்டு போய், பேக்கரி முதலாளியோடு சிங்களத்தில் நாலு பகிடி விட்டு, சூட்டோடு கொண்டுவருவார். எந்த வாசலில் நாய், எந்த இடத்தில் சாக்கடைக் கான்மூடி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் காலால் தெரியும். அன்றும் போய் வந்தார். பாணும் பருப்பும் சாப்பிட்டோம்.

காலி வீதியில் வழக்கமான பஸ். வழக்கமான சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டினேன். கைப்பைக்குள் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டால் மூடச் சொல்லிவிடுவார்கள், அன்றும் அப்படியே. வழக்கத்துக்கு மாறானது ஒன்றுதான். புறக்கோட்டையில் இறங்கியதும், கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் வேலை செய்த அரசாங்க நெஞ்சுநோய் கிளினிக்குக்குப் போகாமல், அரைநாள் லீவில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு நடந்தேன்.

பெப்ரவரியில் எனக்கு இடமாற்றக் கட்டளை வந்திருந்தது. போர் நடக்கும் பகுதியின் எல்லையில் ஓர் ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட ஒரு கஷ்டப் பிரதேசத்தில் நான் முன்பு நான்கு வருடம் வேலை செய்திருந்தேன். அதைச் செய்து முடித்தவர்களை, அவர்களாகக் கேட்டாலன்றித் திரும்ப அனுப்பக் கூடாது என்று இடமாற்ற விதிகளிலேயே இருந்தது. இரண்டு முறை மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. வரும் திங்கட்கிழமை அங்கே வேலையை ஏற்காவிட்டால் நானாகப் பதவியை விட்டு விலகியதாகக் கணிக்கப்படுவேன். பதினெட்டு வருடச் சேவையும் பென்ஷனும் போய்விடும். ஏற்பதானால் கண் தெரியாத ஒருவரை அவர் கால் அறியாத ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது இங்கே தனியே விட வேண்டும்.

அதனால் ரிட் எனப்படும் எழுத்தாணை மனு. கட்டளையை ரத்துச் செய்ய வேண்டும், தீர்ப்பு வரும்வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நிறுத்தி வைப்பதா இல்லையா என்பது அன்று தெரிந்துவிடும்.

நீதிமன்றம் எனக்குப் புதிது. நெஞ்சிடிப்பு இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் புதினம் பார்க்கும் ஆசைதான் கூட இருந்தது. அந்த வெக்கையில் எல்லாருக்கும் கறுப்புக் கோட். அறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சட்டத்தரணியும் நீதிபதியின் ஆசனத்தைப் பார்த்துக் குனிந்துவிட்டுப் போனார். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாலும் அது தவறவில்லை. வெளியே வாங்கில்களில் உட்கார்ந்து காத்திருந்தவர்களின் முகங்களை மட்டும் எனக்குத் தெரியும். எக்ஸ்ரே முடிவுக்காக என் கிளினிக் வாசலில் இருப்பவர்களின் முகங்கள்தான் அவை.

வாங்கில் ஒன்றிலிருந்து ஒருவர் எழும்பி, "வாங்க டாக்டர்," என்று இடம் விட்டார். என் இடத்துக்கு நியமிக்கப்பட்ட இளம் வைத்தியர். மலையகத்துப் பையன். எந்த ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்களோ அங்கே மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, போன வாரம்தான் எங்கள் கிளினிக்குக்கு வந்து சேர்ந்திருந்தார். கிளினிக்குக்குக் கிட்ட, கிராண்ட்பாஸில் அறை எடுத்திருந்தார்.

"நீங்களும் வந்திருக்கிறீங்களே?"

"என்னாங்க செய்றது, டாக்டர். ஒங்க கேசு முடிவுதானே எனக்கும் முடிவு."

அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"கெணத்துத் தண்ணிங்க. புள்ளைங்க பல்லெல்லாம் கறை புடிச்சிருக்கும்."

"எக்ஸ்ரே?"

"மெசின் இருக்கு. கரண்டுதான் இல்ல."

"சளியாவது பாக்கலாமோ?"

"மைக்ராஸ்கோப்பு ஒண்ணு இருக்குங்க. வெயில் அடிச்சா கண்ணாடியைத் திருப்பி வச்சுப் பாக்கலாம். மழைன்னா மறுநாள்தான்."

சூரிய வெளிச்சத்தில் சளி பார்ப்பதை மாணவியாக இருந்தபோது படித்ததுண்டு, செய்ததில்லை. கண்ணாடியை எந்தப் பக்கம் வைப்பீர்கள், காலையிலா மத்தியானத்திலா, வெள்ளைக் கடதாசி பிடிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் கையை நுணுக்குக்காட்டி போல வளைத்து வைத்துக் காட்டினார். அறுவடைக் காலத்துப் பாம்புக்கடிகளைப் பற்றியும் கேட்டேன்.

கடைசியில் அவர் சிரித்துவிட்டார். "நீங்க கேக்குறதப் பாத்தா, பொட்டி கட்டிட்டு வந்தவங்க மாதிரி இருக்கு டாக்டர்."

"மெல்லக் கதையுங்கோ. என்ர லோயர் கேட்டால் ஏசுவார்."

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எனது சட்டத்தரணி நிதானமான மனிதர். விதியை வாசித்தார், நான் செய்த நான்கு வருடத்தைக் காட்டினார், கணவரின் கண் மருத்துவரின் சான்றைக் காட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "மனுதாரர் இந்த இடமாற்றத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்," என்று சொல்லி ஒரு புகைப்படத்தை நீதிபதிக்கு அனுப்பினார். ஒரு பிரதி எங்கள் பக்கமும் வந்தது. என் சட்டத்தரணி அதைப் பார்த்தார். பிறகு திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"டொக்டர், உதென்ன?"

"கேக்."

"நீங்களோ வெட்டினது?"

"ஓம். ரெண்டு பேருமாய் வெட்டினனாங்கள்."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஒரு துண்டு."

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

கையெழுத்து வைக்க வேண்டாம், அலுமாரியைப் பூட்டும் திறப்பைக் கொடுக்க வேண்டாம், நோயாளர்களைப் பொறுப்புக் கொடுக்க வேண்டாம் என்றெல்லாம் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தேன். கேக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அரசாங்க வேலை செய்தவர்களுக்கு இது புரியும். கட்டளை வந்த செய்தி கிளினிக்கில் பரவினால், அடுத்த வேலை தேநீர் விருந்து. போகிறவர் போவாரா, கட்டளை மாறுமா என்று யாரும் பார்த்திருப்பதில்லை. எங்கள் தலைமைத் தாதி சிங்களப் பெண்மணி. மகளின் பிரசவத்துக்காக லீவில் போக இருந்தார். அதற்கு முன் விருந்தை முடித்துவிட வேண்டும் என்று நின்றார்.

"அனே, டொக்டர் நோனா," என்றார் தன் அரைத் தமிழில். "போற ஆளுக்கும் வார ஆளுக்கும் ஒண்ணா வெச்சா ஒரு கேக் போதும்தானே."

நான் போகவில்லை, வழக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அது பரவாயில்லை, கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். புதிதாக வந்த பிள்ளை கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வராமல் விட்டால் அவரை வரவேற்க மறுத்ததுபோல் ஆகிவிடும். போனேன். இருவரையும் ஒரே கத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். படத்தில் நான் நன்றாகவே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஓர் எக்ஸ்ரே படம் எந்த நோயைக் காட்டுகிறது என்று தெரியாதபோது நானும் அப்படித்தான் பார்ப்பேன். அந்த நேரத்தில் என் திங்கட்கிழமை, பென்ஷன், ஒழுங்கையில் தடி தட்டும் சத்தம் எல்லாம் அந்த ஒரு துண்டுக் கேக்கில் நின்றன.

"இரண்டு பேர் ஒரு கத்தியைப் பிடித்திருக்கிறார்களே. இது பிரியாவிடையா, கல்யாணமா?" என்று கேட்டார்.

பின்வரிசைகளில் சிரிப்பு. என் சட்டத்தரணி சிரிக்காமல், இது பிரியாவிடையும் வரவேற்பும் சேர்ந்தது என்றும், புதியவர் எந்தப் பிழையும் செய்யாதவர், அவரை வரவேற்காமல் விடுவது மனுதாரருக்கு அழகல்ல என்றும் விளக்கினார். நீதிபதி அரச தரப்புச் சட்டத்தரணியைப் பார்த்தார்.

"உங்களை எப்போதாவது இடம் மாற்றியிருக்கிறார்களா?"

"ஒருமுறை, பிரபு."

"தேநீர் விருந்து வைத்தார்களா?"

"வைத்தார்கள், பிரபு."

"பிறகு புதிய இடத்துக்குப் போனீர்களா?"

அவர் சற்றுத் தயங்கினார். "கட்டளையைப் பிறகு ரத்துச் செய்துவிட்டார்கள், பிரபு."

இந்த முறை நீதிபதியும் சிரித்தார். மரியாதைக்குச் செய்ததைச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்றார். அடுத்த தவணைவரை இடமாற்றக் கட்டளை நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியேறும்போது நானும் குனிந்தேன். சட்டத்தரணி அல்லாதவர்கள் குனிய வேண்டுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் படம் எப்படி அங்கே போனது என்பதையே யோசித்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தேன். மனதுக்குள் மூன்று பேரைச் சந்தேகித்தும் விட்டேன். புதியவர் பின்னாலேயே வந்தார்.

"டாக்டர், அத நான்தாங்க குடுத்தேன்."

நின்றேன்.

"வேலைக்கு வந்து சேந்ததுக்கு அத்தாட்சி இருக்கான்னு மேலாபீசுல கேட்டாங்க. கையில அந்தப் படந்தான் இருந்துச்சு. இப்புடி ஆகும்னு சத்தியமா நெனைக்கல."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒளித்து வைத்த எதுவும் இல்லை. என் கட்டளை நின்றால் அவருடையதும் தொங்கும். அந்த ஆஸ்பத்திரி அவரை விடுவித்துவிட்டது. எங்கள் கிளினிக்கில் ஒரு வைத்தியருக்கு மட்டும்தான் இடம். மேலிடத்திலிருந்து யாராவது ஏதாவது எழுதும்வரை அவருக்கு வேலை செய்ய ஊரே இல்லை.

"நாளைக்கு எங்க போவீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க," என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு கிளினிக்குக்குப் போய், காத்திருந்தவர்களைப் பார்த்து முடித்துவிட்டு ஆறு மணிக்கு வீடு வந்தேன். என் கணவர் கதவைத் திறந்தபடி, நான் செருப்பைக் கழற்றும் விதத்தைக் கேட்டே, "கிடைச்சிட்டுது போல," என்றார். முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். நீதிபதியின் குரல் எப்படி, கட்டையா, மூக்கால் பேசுவாரா என்று கேட்டார். கத்தி விஷயம் வந்ததும், "இஞ்சேரும், எனக்கொரு கல்யாணச் சாப்பாடு தவறிப்போச்சு," என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"உங்களுக்குக் கேக் கூடாது."

"அதுதான் கூப்பிடேல்லையாக்கும்."

பிறகு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் கைப்பிடியை விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பொடியன்?" என்றார்.

"கிளினிக்குக்குத்தான் வரவேணும். வராட்டில் அவரையும் வேலையை விட்டிட்டார் எண்டு சொல்லிப்போடுவினம்."

"வந்தால்?"

இடமாற்ற விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஊசி, பாண், பஸ், சாவடி. நான் போனபோது புதியவர் கிளினிக் வாசலில், நோயாளர் வரிசையிலிருந்து சற்று விலகி நின்றார். நான் அறையைத் திறந்து, முதலில், எக்ஸ்ரே அறைக்குள் கிடந்த ஒரு கதிரையைத் தூக்கிவந்து என் மேசையின் மறுபக்கத்தில் அவருக்காகப் போட்டேன்.