சேகர் வீட்டு கிரவுண்டு

இன்று பேஸ்பால் மேட்சுக்கு ஃபிரிஸ்கோ ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரரான சேகரும் என்னோடு வந்தார்.

மைதானத்தில் வலது பக்கச் சுவர் மட்டும் கிட்டத்தில் இருந்தது. "ஹோம் டீம்ல இடது கை ஆளுங்க ஜாஸ்தி. அவங்க அடிச்சா பால் அங்கதான் போகும், ஈஸியா சுவரைத் தாண்டிடும்" என்றேன்.

சேகர் கொதித்துவிட்டார். "தனக்கு ஏத்த மாதிரி கிரவுண்டையே கட்டிப்பானா? சுத்த ஃப்ராடுங்க!"

வாராவாரம் எங்கள் கிரிக்கெட் இதே சேகரின் பேக்யார்டில்தான். அவர் இடது கை பேட்ஸ்மேன். அவர் அடிக்கும் பக்கம் வேலியில் பட்டால் சிக்ஸர். வலது கைக்காரர்கள் நாங்கள் அடிக்கும் பக்கம் வரிசையாகக் கறிவேப்பிலைத் தொட்டிகள். தொட்டியில் பட்டால் அவுட்.

"அப்போ உங்க வீட்டு கறிவேப்பிலைத் தொட்டி?" என்றேன்.

"அது வேறங்க. செடிக்கு அங்கதான் வெயில் வருது."

அங்கே நாள் முழுக்க ஓக் மர நிழல்.

சேகர் வீட்டில் கறிவேப்பிலையும் ஹோம் டீம்தான். உங்கள் வீட்டில் எப்படி?